இருபத்தெட்டாம் எண் பூச்சியின் வயிறு

4 செப்டம்பர் 2023, திங்கள்

காலையில் மேகமூட்டம். ரத்த அழுத்தம் 138/84. கண் சொட்டு மருந்து இரண்டு வேளை.

கல்லூரியிலிருந்து ஜெரினா பேகம் அழைத்தார். விலங்கியல் துறைக்கு இப்போது அவர்தான் தலைவர். பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். பூச்சிக் காப்பகத்தின் நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளும் நவம்பர் முடிவதற்குள் புதுக் கட்டடத்துக்குப் போக வேண்டும். அதற்குமுன் ஒவ்வொரு பெட்டியையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் தேவை. "அந்தக் கையெழுத்த எங்க யாராலயும் வாசிக்க முடியல சார்" என்றார். அது என் கையெழுத்து. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மங்கை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "முப்பது வருசம் அந்தப் பூச்சிகளோட குடும்பம் நடத்துனீக. போயிப் பாத்துட்டு வர யோசனை என்ன வேண்டிக் கெடக்கு?"

எழுபத்து நான்கு வயதில் என் கண்ணை நம்பலாமா என்பதுதான் யோசனை. அதை அவளிடம் சொல்லவில்லை.

5 செப்டம்பர்

சரி என்று சொல்லிவிட்டேன். சமையல் எரிவாயு பதிவு செய்தேன்.

8 செப்டம்பர், வெள்ளி

மூன்று நாட்களில் பதினாறு பெட்டிகள். எதிர்பார்த்ததைவிட நல்ல நிலையில் இருக்கின்றன. பெட்டி 9-இல் மட்டும் பூஞ்சை. ரசகற்பூர உருண்டைகள் எல்லாம் ஆவியாகி வெறும் துணிப்பைகள் மிச்சம். புதியவை வாங்கி வைத்தேன். சட்டையில் அந்த வாசனை ஏறிவிட்டது. மங்கை அதைத் தனியாக ஊறவைத்தாள்.

எண்ணிக்கை சரியாக வந்தால் ஏன் இத்தனை மகிழ்ச்சி வருகிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை எண்ணுகிறேன்.

13 செப்டம்பர், புதன்

பெட்டி 41. புகைவரியன்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள சாம்பல் நிற அந்துப்பூச்சி, முன்சிறகில் புகை படிந்தது போல மூன்று வரிகள். மழைக்காலத்தில் எந்த வீட்டு வாசல் விளக்கிலும் காணலாம். பெட்டியில் அறுபத்திரண்டு. எண்ணிக்கை சரி.

எண் 27-க்குச் சிவப்புச் சீட்டு. ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயருக்கு ஆதாரமாக ஒரே ஒரு பூச்சியைக் குறித்துவைப்போம். அதற்குத்தான் சிவப்புச் சீட்டு. 1987-இல் எஸ்தர் நவமணி என்ற ஆய்வு மாணவி, சிறுமலையில் இருப்பது வேறு இனம் என்று சொல்லிக் குறித்த பூச்சி இது. சிவப்புச் சீட்டுக்குக் கீழே இன்னொரு சீட்டு: 'தனி இனம் அன்று. சாதாரணப் புகைவரியனே.' என் கையெழுத்து.

இந்த இரண்டையும் சிறகை வைத்துப் பிரிக்க முடியாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியில், பெண்ணைப் பற்றிக்கொள்ள ஒரு கவ்வி உண்டு. சாதாரணப் புகைவரியனின் கவ்வியில் ஒரு முள். நவமணி தன்னிடமிருந்த இரண்டு ஆண் பூச்சிகளில் ஒன்றை அறுத்துப் பார்த்து, இரண்டு முள் என்று வரைந்திருந்தார். அது ஊனமுற்ற பூச்சியாக இருக்கும் என்றார் எங்கள் பேராசிரியர். மற்றதை, அதாவது எண் 27-ஐ, அறுத்துப் பார்க்கும் வேலை காப்பாளரான எனக்கு வந்தது. பார்த்தேன். ஒரு முள்.

அறுப்பதற்காக வயிற்றை எடுத்துவிட்டதால் எண் 27-க்கு இப்போது வயிறு கிடையாது. அந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, மார்பின் விளிம்பில் கடுகில் பாதி அளவு மஞ்சள் கட்டி தெரிந்தது. பசை.

பக்கத்திலிருக்கும் எண் 28 அழகர்கோவிலில் பிடித்த சாதாரணப் புகைவரியன். அதற்கு வயிறு இருக்கிறது. அதன் இணைப்பிலும் அதே மஞ்சள் பசை.

பெட்டியை மூடிவிட்டேன். மூன்று மணி பேருந்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

14 செப்டம்பர்

தலைசுற்றல். கல்லூரிக்குப் போகவில்லை.

16 செப்டம்பர், சனி

பழுது நீக்கும் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். '14.10.1987. பெட்டி 41. எண் 27, 28. வயிறு ஒட்டப்பட்டது. த.' 'த.' நான்தான். காரணம் எழுதும் கட்டம் காலி. அந்தப் பதிவேட்டின் இருநூறு பக்கங்களில் வேறு எந்தக் கட்டமும் காலியாக இல்லை.

உலர்ந்த பூச்சியின் வயிறு தானாகவும் உதிரும். பழைய பெட்டிகளில் அது வழக்கம்தான். கரப்பான் கடித்தும் இருக்கலாம்.

18 செப்டம்பர், திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. மங்கை கொழுக்கட்டைக்குப் பூரணம் கிளறினாள். நான் தேங்காய் துருவினேன். நான்கு சாப்பிட்டேன், அதிகம்.

தானாக உதிரவில்லை. கரப்பானும் இல்லை.

அன்று பேராசிரியர் இந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மேல் அடுக்கிலிருந்து இழுத்தபோது என் கையிலிருந்து நழுவி மேசை விளிம்பில் மோதியது. அறுபத்திரண்டில் இரண்டு பூச்சிகளுக்கு மட்டும் வயிறு கழன்று, பெட்டியின் மூலையில் அருகருகே கிடந்தன. இரண்டும் ஒரே நிறம், ஒரே நீளம். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகி ஆறு வாரம்தான். பேராசிரியர் மதிய உணவுக்குப் போயிருந்தார். எது எதனுடையது என்று கால் மணி நேரம் பார்த்தேன். பிறகு குத்துமதிப்பாக ஒட்டினேன்.

மறு வாரம் எண் 27-இன் வயிற்றை அறுத்தேன். ஒரு முள் தெரிந்ததும் பேராசிரியர் தோளில் தட்டினார். "மலைக்கு ஒரு இனம்னு ஆரம்பிச்சா பேர் வச்சு மாளாதுய்யா" என்றார். எங்கள் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. நவமணியின் ஆய்வேட்டை ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

போவதற்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். 'நீங்கள் அறுத்த வயிறு அந்தப் பூச்சியினுடையதுதானா?' என்ற ஒரே கேள்வி. அஞ்சலட்டையில் பதில் போட்டேன்: 'ஐயமில்லை.' எதற்கும் இரண்டு தடவை எண்ணும் நான், வாழ்நாளில் அப்படி எழுதியது அந்த ஒரு முறைதான்.

இதை இங்கே எழுதியதில் ஒன்றும் ஆகிவிடவில்லை. இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

20 செப்டம்பர்

நவமணிக்குக் கடிதம். நான்கு வரைவுகள். நான்காவதை மங்கையிடம் காட்டினேன். காரணம் கேட்டாள், முழுவதும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு கடிதத்தைத் திருப்பித் தந்தாள்.

"இது பரீட்சைக்கு எழுதுன பதில் மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு திண்டுக்கல்லுலதான இருக்கு? பஸ் ஓடலையா?"

"முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?"

"முகத்தப் பாக்காமத்தான் ஒருக்க சொல்லிட்டீகளே."

23 செப்டம்பர், சனி

ஜெரினாவிடம் முகவரி வாங்கிக்கொண்டு திண்டுக்கல் போனேன். நாகல்நகரில் தெருவின் கடைசி வீடு. நவமணிக்கு இப்போது அறுபத்தைந்து வயதிருக்கும். தலை முழுவதும் நரைத்திருந்தது. முற்றத்தில் பலகை போட்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தாயுமானவன் சாரா? இன்னும் இருக்கீங்களா?" என்றார். கேலியா, உண்மையான விசாரிப்பா என்று தெரியவில்லை.

நின்றபடியே சொன்னேன். பெட்டி நழுவியது, ஒட்டியது, அஞ்சலட்டை எல்லாவற்றையும். அவர் மீனை விட்டுக் கையை எடுக்கவில்லை. தலையைக் கிள்ளுவதும் குடலை உருவுவதுமாக இருந்தார். அஞ்சலட்டை என்று சொன்ன இடத்தில் மட்டும் ஒரு மீனைக் கிள்ளாமல் கையில் வைத்திருந்தார்.

"அந்தக் கார்டு இன்னும் இருக்கு சார். எங்கிட்டதான் தப்புன்னு நம்புறதுக்கு அதத்தான் எடுத்து எடுத்துப் பாப்பேன்."

அந்த மீனையும் கிள்ளிச் சட்டியில் போட்டார்.

"அந்த மனுசனுக்குப் பயந்தீங்களாக்கும்."

"ஆமா."

"நானுந்தான் பயந்தேன். ஆனாலும் வரைஞ்சேன்ல."

ஏன் மறுபடி சிறுமலைக்குப் போய்ப் பிடித்து நிரூபிக்கவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பிடிச்சு? யாருக்கு அனுப்பறது? உங்க காப்பகத்துக்குத்தான் அனுப்பணும்."

மீன் சட்டியை மூடி வைத்துவிட்டு வந்து கை கழுவினார். "இப்ப என்னத்துக்கு வந்தீங்க? மன்னிப்புக் கேக்கவா, பூச்சிக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டும் சேந்தாப்புல கிடைக்காது. பூச்சிய முதல்ல பாப்போம். விளக்கு கட்டிப் பிடிக்கிறதெல்லாம் வேண்டாம், வர்றது எந்த இனம்னு சண்டை வரும். உங்க ஊர்ப் புகைவரியன் கறிவேப்பிலை தின்னும். என்னுது குருந்த மரத்து இலை மட்டுந்தான் தின்னும். அக்டோபர் முதல் மழை விழுந்ததும் புழு வரும். வளத்தே பாத்துருவோம்."

முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தும் 'என்னுது' என்றார்.

25 செப்டம்பர்

ஜெரினாவிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். முதலில் எண் 28-இன் வயிற்றை அறுத்துப் பார்க்கலாமே என்றார். அதில் இரண்டு முள் இருந்தாலும், அதுவும் ஒரு ஊனப் பூச்சிதான் என்று யாரும் சொல்லலாம். சிறுமலையில் அப்படியோர் இனம் இன்றும் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும் என்றேன். டிஎன்ஏ சோதனைக்கு எண் 27-இன் ஒரு காலை தனக்குத் தெரிந்த ஆய்வகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

8 அக்டோபர், ஞாயிறு

சிறுமலை. மங்கையும் புளியோதரை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். பதினோராவதில் நான் ஜன்னல் பக்கம் போனேன். நவமணி எலுமிச்சை இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வாழைத் தோட்டங்களைத் தாண்டி, ஓடைக் கரையில் குருந்த மரங்கள். ஒரு மணி நேரம் தேடியும் ஒன்றும் இல்லை. இந்தப் புழு அசையாமல் நிற்கும்போது காய்ந்த குச்சி போலவே இருக்கும். நடக்கும்போது உடலை வளைத்து வளைத்து முழம் போட்டு நகரும். எனக்கும் நவமணிக்கும் கண்ணாடி இருந்து பயனில்லை. மங்கை ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இந்தக் குச்சி நடக்குது" என்றாள்.

மொத்தம் பதினொன்று கிடைத்தன. பாட்டில்களில் நவமணியே பிரித்தார். ஆறு அவருக்கு, ஐந்து எனக்கு.

"எல்லாத்தையும் ஒரே ஆள்கிட்டக் குடுத்த அனுபவம் எனக்கு இருக்கு சார்."

மங்கை சிரித்துவிட்டாள். அவர்கள் இருவரும் அக்கா, டீச்சர் என்று பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள்.

9 அக்டோபர்

பாட்டில் 1 முதல் 5 வரை மேசை மேல், வெயில் படாமல். வாயில் மெல்லிய துணி. இலை காலை ஏழு, மாலை ஐந்து. எச்சத்தை அன்றன்றே அகற்ற வேண்டும்.

குருந்தக் கிளைகள் குளிர்பெட்டியில். "கொத்தமல்லி வைக்க எடமில்ல" என்கிறாள் மங்கை. ஆனால் இலையைக் கழுவித் துடைத்து வைப்பது அவள்தான்.

12 அக்டோபர்

ஐந்தும் நலம். பாட்டில் 3 தோல் உரித்தது. பல் மருத்துவரிடம் போக வேண்டியதை ஒத்திவைத்தேன்.

ஒன்றை எழுதியாக வேண்டும். இன்று இலை போடும்போது, வரப்போகும் பூச்சிக்கும் ஒரு முள்தான் இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியானால் நான் வயிறு மாற்றி ஒட்டியிருந்தாலும் முடிவு சரி என்றாகும். அந்த நினைப்பில் எனக்கு ஆறுதல் இருந்தது. பிறகு இலையை மாற்றினேன்.

16 அக்டோபர்

பாட்டில் 2, 4 போய்விட்டன. புழுவின் உடலைத் துளைத்துக்கொண்டு அரிசி போன்ற வெள்ளைக் கூடுகள். ஒட்டுண்ணிக் குளவி. மலையிலேயே முட்டையிட்டிருக்கிறது, நம் தவறில்லை. அப்படித்தான் நம்புகிறேன்.

நவமணியிடம் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "என் வீட்லயும் ரெண்ட எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சு சார். நான் உங்களுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்தேன்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மங்கை வந்து எட்டிப் பார்த்தாள்.

20 அக்டோபர்

என் மூன்றும் கூட்டுப்புழு ஆகிவிட்டன. அவருடைய நான்கும். இனி காத்திருப்பதுதான். மண்ணில் தினமும் ஆறு சொட்டுத் தண்ணீர்.

27 அக்டோபர்

பூச்சிக் கால் மிகப் பழையது, டிஎன்ஏவைப் படிக்க முடியவில்லை என்று ஆய்வகத்திலிருந்து ஜெரினாவுக்குப் பதில். கூட்டுப்புழுக்களைத் தவிர வேறு வழியில்லை. ஆறு சொட்டு.

31 அக்டோபர்

நவமணி வீட்டில் இரண்டு வெளிவந்தன. இரண்டும் பெண். பெண்ணுக்குக் கவ்வி கிடையாது.

2 நவம்பர்

பாட்டில் 1. பெண்.

4 நவம்பர், சனி

பாட்டில் 5. ஆண். ஆனால் சிறகு விரியவில்லை, சுருங்கிய காகிதம் போல ஒட்டிக்கொண்டது. நவமணியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"ஊனப் பூச்சின்னு சொல்லிருவாங்க சார்."

"ஆமா."

"அதே வார்த்தைய ரெண்டாந்தடவை கேக்க எனக்குத் தெம்பில்ல."

இன்னும் மூன்று கூட்டுப்புழுக்கள். பாட்டில் 3-ஐ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். பார்ப்பதால் எதுவும் நடக்காது என்று தெரியும்.

6 நவம்பர், திங்கள்

காலை 6.40-க்குத் தொலைபேசி. நவமணிதான். வழக்கமான குரல் இல்லை, மெல்லப் பேசினார், பக்கத்தில் யாரோ தூங்குவது போல.

"வந்திருச்சு சார். ஆம்பளை. சிறகை நல்லா விரிச்சு உக்காந்திருக்கு. மூணு வரியும் தெரியுது."

பாட்டில் 3 இன்னும் அப்படியே இருக்கிறது. மங்கை அதையும் தினமும் பார்க்கிறாள்.

8 நவம்பர், புதன்

காப்பகம். ஜெரினா நுண்ணோக்கியைத் தயார் செய்து வைத்திருந்தார். நவமணி பூச்சியைக் கைப்பைக்குள், சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

யார் அறுப்பது? என் கை நடுங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "நீங்க தள்ளி உக்காருங்க சார். இந்தத் தடவை நான் பாக்குறேன்."

கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தேன். வயிற்றைத் துண்டித்து, காரக் கரைசலில் போட்டு, வெந்நீரில் சூடாக்க வேண்டும். தசை கரைந்து கவ்வி மட்டும் நிற்கும். இருபது நிமிடம். எனக்குத் தெரிந்த வேலையை இன்னொருவர் செய்யும்போது பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு கடினம் என்று எண்ணவில்லை. அவர் ஊசியைப் பிடித்த விதம் பழையதுதான். சுண்டுவிரலை மேசையில் ஊன்றிக்கொள்வார்.

குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. ஜெரினாவும் கூப்பிடவில்லை. ஒரு நிமிடத்துக்குமேல் ஆகியிருக்கும். பிறகு நவமணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"வந்து எண்ணுங்க சார். நீங்கதான் ரெண்டு தடவை எண்ணுவீங்களே."

இரண்டு முள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. மீண்டும் எண்ணினேன். இரண்டு. சிறகு விரியாத என் பூச்சியையும் அறுத்தார். இரண்டு.

பிறகு எண் 28. அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஜெரினா என் முகத்தைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். பசையைக் கரைத்து, நான் ஒட்டிய அந்த வயிற்றை நவமணி பிரித்தெடுத்தார். மறுபடி இருபது நிமிடம். நுண்ணோக்கியில் அவர் முதலில் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கச் சொன்னார்.

இரண்டு முள். அழகர்கோவில் பூச்சியின் உடலில் சிறுமலைப் பூச்சியின் வயிறு. அவருடைய ஆதாரம் முப்பத்தாறு ஆண்டுகளும் ஓர் அங்குலம் தள்ளி, அதே பெட்டியில் இருந்திருக்கிறது.

"ரெண்டு" என்றேன். வேறு என்னவெல்லாமோ சொல்ல நினைத்திருந்தேன்.

9 நவம்பர், வியாழன்

இரவு நன்றாகத் தூங்கினேன். ரத்த அழுத்தம் 130/80. தீபாவளிக்கு மங்கை மிக்சர் போடுகிறாள். நவமணிக்கென்று ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்து, என் கையில் கொடுத்தனுப்பினாள்.

காப்பகத்தில் மூவரும் பேசி முடித்தோம். கட்டுரையை நவமணி எழுதுவார், ஜெரினா துணை நிற்பார். என் பெயர் ஆசிரியர்களில் வேண்டாம். நடந்ததைச் சொல்லும் பத்தியில் மட்டும் வரட்டும் என்றேன். அந்தப் பத்தியை நானே எழுதித் தருகிறேன். பேராசிரியர் இறந்து பதினைந்து ஆண்டு ஆகிறது. அவரை அதில் இழுக்கவில்லை. பெட்டி அவர் கையிலிருந்து விழவில்லை.

பிறகு சீட்டுகள். எண் 27-ஐக் குத்தி வைத்திருக்கும் ஊசியிலிருந்து என் பழைய சீட்டை உருவப் போனேன். நவமணி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன சார், காப்பாளர் நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

அவர் சொன்னது சரி. காப்பகத்தில் குத்திய சீட்டை எடுக்கக் கூடாது. தவறான சீட்டும் ஊசியில் இருக்கும். திருத்துகிறவர் தன் சீட்டை அதற்கு அடியில் குத்துவார். பின்னால் பார்க்கிறவருக்கு யார் எங்கே சறுக்கினார் என்று தெரிய வேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் சீட்டில் அவர் எழுதினார்: 'தனி இனமே. எஸ்தர் நவமணி, 2023.' முதலெழுத்துப் போடாமல் முழுப் பெயரையும் எழுதியதால் கடைசி எழுத்து ஓரத்தில் நெருங்கிவிட்டது. அதைத் திருத்தச் சொல்ல எனக்கு மனமில்லை.

எண் 28-க்கான சீட்டை நான் எழுதினேன். ஒரு சீட்டில் அடங்கவில்லை, இரண்டு தேவைப்பட்டன. 'வயிறு இதனுடையதன்று, எண் 27-க்கு உரியது. பெட்டியைத் தவறவிட்டு, மாற்றி ஒட்டி, மறைத்தவன் தாயுமானவன். 14.10.1987.' மை காயும் வரை ஊதினேன். ஊசியில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குத்தினேன்.

நவமணி உருப்பெருக்கியை எடுத்து, இரண்டு சீட்டையும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"கை நடுங்கிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா வாசிக்க முடியுது சார்" என்றார்.